திரும்பும் முகவரி

ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 40ஆம் பக்கத்தின் கடைசிச் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. அகராதி எடுக்க எழுகிறீர்கள். திரும்பி வந்ததும் எங்கிருந்து தொடர்வது என்பது மறந்துவிடக் கூடாதே என்று ஒரு துண்டுச் சீட்டைச் செருகுகிறீர்கள். எங்கே செருகுவீர்கள்? கடைசிச் சொல்லைப் படித்தாயிற்று. அடுத்துப் படிக்க வேண்டியது 41ஆம் பக்கத்தின் முதல் வரி. சீட்டு அங்கேதான் போகும்.

வீட்டில் வேறொருவர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார். எந்தச் சொல்லுக்காக நீங்கள் அகராதியைத் தேடிப் போனீர்கள் என்று அறிய அவருக்கு ஆசை. சீட்டைப் பார்த்துவிட்டு, 41ஆம் பக்கத்தில் ஏதோ சந்தேகம் என்று முடிவுகட்டுகிறார். அந்தப் பக்கத்தில் புதிய அத்தியாயம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மட்டுமா தவறியது? அத்தியாயமே தவறிப்போனது.

சீட்டின் மேல் குற்றமில்லை. எங்கே தொடர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் அதை வைத்தீர்கள். எங்கிருந்து போனீர்கள் என்ற கேள்வியை அதனிடம் கேட்டது பார்த்தவரின் தவறு.

நிரலில் பிழை தேடுவோர் முதலில் கையில் எடுக்கும் கருவி டீபக்கர். அந்தக் கருவியே செய்யக்கூடிய ஒரு பிழையைப் பற்றியது இந்த அத்தியாயம். ஓடிக்கொண்டிருந்த நிரல் திடீரென்று நின்றுபோகிறது. யார் யாரை அழைத்ததால் இந்த நிலை வந்தது என்று டீபக்கரிடம் கேட்கிறோம். சம்பந்தமே இல்லாத ஒரு செயற்கூறை அது கைகாட்டுகிறது. காரணம், மேலே சொன்ன துண்டுச் சீட்டு. திருத்தம், ஒரு முகவரியிலிருந்து 1 என்ற எண்ணைக் கழிப்பது. எப்போது கழிக்க வேண்டும், எப்போது கழிக்கவே கூடாது என்று கண்டுபிடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

வீலரின் வழி

நிரல் என்பது செயற்கூறுகளின் தொகுப்பு. ஒன்று தன் வேலையின் நடுவே இன்னொன்றை அழைக்கும். அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நூறு இடங்களிலிருந்து அழைக்கப்படும் ஒரு செயற்கூறு, இம்முறை எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை எப்படி அறிகிறது? கணினியின் தொடக்கக் காலத்திலேயே எழுந்த கேள்வி இது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. திரும்பும் இடத்தைத் தானாகக் குறித்துவைக்கும் கட்டளை அதில் கிடையாது. அங்கே ஆய்வு மாணவராக இருந்த டேவிட் வீலர் ஒரு வழி கண்டார். அழைக்கும் நிரல், தன் முகவரியைத் தனக்குள்ளேயே கொண்ட ஒரு கட்டளையை எடுத்துக் கணக்கிடும் பதிவகத்தில் போட்டுவிட்டுத் தாவும். போய்ச் சேர்ந்த செயற்கூறு அந்த எண்ணோடு ஒரு மாறிலியைக் கூட்டும். கூட்டினால் கிடைப்பது, அழைத்த இடத்திலிருந்து இரண்டு இடம் தள்ளித் தாவும் கட்டளை. அதைத் தன் இறுதியில் தானே எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்தக் கட்டளை வழியே திரும்பிவிடும். இதற்கு வீலர் தாவல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எட்சாக்கில் அழைத்தவர் சொன்னது "நான் இங்கே இருக்கிறேன்" என்பது. எங்கே திரும்புவது என்பதை அழைக்கப்பட்டவர் கூட்டிக் கண்டுபிடித்தார்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. திரும்பும் கட்டளையை எழுத ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. செயற்கூறு தன்னையே மறுபடி அழைத்தால் பழைய குறிப்பு அழிந்துவிடும். குறிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் வைத்ததை முதலில் எடுத்தால் இந்தக் குறை தீரும். ஆலன் டூரிங் 1945இல் எழுதிய கணினித் திட்ட அறிக்கையிலேயே இந்த யோசனை இருக்கிறது. புதைத்தல், தோண்டியெடுத்தல் என்ற பொருளில் அவர் பெயர் வைத்திருந்தார். ஜெர்மனியில் ஃபிரெடரிக் பாவரும் கிளாவுஸ் சாமெல்சனும் 1957இல் இதே கொள்கைக்குக் காப்புரிமை கோரினார்கள். அவர்கள் இட்ட பெயருக்கு நிலவறை என்று பொருள். இன்று நாம் ஸ்டாக் என்கிறோம்.

இன்றைய மேசைக் கணினிகளின் எக்ஸ்86 வகைச் செயலிகளில் இந்த வேலையை ஒரே கட்டளை செய்கிறது. 'கால்' என்ற அந்த அழைப்புக் கட்டளை, தனக்கு அடுத்த கட்டளையின் முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிட்டுத் தாவும். 'ரெட்' என்ற திரும்பும் கட்டளை அந்த முகவரியை எடுத்து அங்கே போகும். வீலரின் ஏற்பாடு இங்கே தலைகீழாகிவிட்டது. இன்று ஸ்டாக்கில் இருப்பது எங்கே திரும்புவது என்ற சேதி மட்டும். எங்கிருந்து அழைப்பு வந்தது என்பதை வேண்டியவர்கள் கணக்குப் போட்டுத்தான் பெற வேண்டும். செயலிக்கு அது தேவையில்லை. டீபக்கருக்குத் தேவை.

ஃபிரேம்களை ஏறிச் செல்லுதல்

எட்சாக் இயங்கிய இரண்டே ஆண்டுகளில், 1951இல், அங்கே பணியாற்றிய ஸ்டான்லி கில், நிரல்களில் தவறுகளைக் கண்டறிவது எப்படி என்று ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கட்டுரை எழுதினார். ஓடும் நிரலின் போக்கை இன்னொரு நிரல் பின்தொடரும் முறை அதில் விளக்கப்பட்டது. இன்றைய டீபக்கர்களின் முன்னோடி அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் தொடங்கிய குனு டீபக்கர் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

நின்றுபோன நிரலிடம் டீபக்கர் கேட்கும் முதல் கேள்வி: இங்கே எப்படி வந்து சேர்ந்தாய்? விடை ஸ்டாக்கில் இருக்கிறது. ஒவ்வொரு செயற்கூறும் தனக்கென்று ஒரு பகுதியை ஸ்டாக்கில் எடுத்துக்கொள்கிறது. அதன் உள்மாறிகள், சேமித்துவைத்த பதிவகங்கள், திரும்பும் முகவரி எல்லாம் அங்கே இருக்கும். அந்தப் பகுதிதான் ஃபிரேம். டீபக்கர் ஆகப் புதிய ஃபிரேமில் தொடங்கி, அதை அழைத்தது எது, அதை அழைத்தது எது என்று படிப்படியாக ஏற வேண்டும்.

இங்கே ஒரு தடை. ஃபிரேம்களுக்கு நடுவே எல்லைக்கல் எதுவும் கிடையாது. ஸ்டாக் என்பது வெறும் எண்களின் வரிசை. எந்த எண் திரும்பும் முகவரி, எந்த எண் ஒருவருடைய வயது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒரு பதிவகத்தை நங்கூரமாக ஒதுக்கி ஃபிரேம்களைச் சங்கிலியாகக் கோப்பது பழைய வழி. அந்தப் பதிவகத்தையும் கணக்கிடப் பயன்படுத்தினால் வேகம் கூடும் என்பதால், மூல நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர்கள் நங்கூரத்தைக் கைவிட்டன. அண்மையில் காற்று திரும்பியிருக்கிறது: 2023இல் ஃபெடோரா 38, 2024இல் உபுண்டு 24.04 ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் தங்கள் மென்பொருள்களை நங்கூரத்தோடு கட்டத் தொடங்கின. ஆனாலும் நங்கூரம் இல்லாத நிரல்கள் ஏராளம்.

அவற்றுக்காகக் கம்பைலர் ஓர் அட்டவணையைத் தயாரித்து நிரலோடு வைக்கிறது. டுவார்ஃப் என்னும் தரநிலை வகுத்த வடிவம் அது. நிரல் இன்ன முகவரியில் இருக்கும்போது ஃபிரேமின் மேல் விளிம்பு, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் பதிவகமான ஸ்டாக் பாயிண்டரிலிருந்து இத்தனை பைட் தொலைவில் இருக்கும் என்று அது சொல்லும். அழைப்பு நிகழ்வதற்குச் சற்று முன்பு ஸ்டாக் பாயிண்டர் காட்டிய முகவரியே அந்த மேல் விளிம்பு. 64 பிட் எக்ஸ்86 செயலியில் திரும்பும் முகவரி எப்போதும் மேல் விளிம்புக்கு 8 பைட் கீழே இருக்கும்.

ஆக, ஏறும் முறை இதுதான். கட்டளை முகவரியை எடு. அட்டவணையில் அதற்குரிய விதியைத் தேடு. விதியைக் கொண்டு மேல் விளிம்பைக் கணக்கிடு. அதற்கு 8 பைட் கீழே இருக்கும் திரும்பும் முகவரியைப் படி. அதை அடுத்த ஃபிரேமின் கட்டளை முகவரியாகக் கொண்டு மறுபடி தேடு. ஒவ்வொரு படியும் முந்தைய தேடலின் மேல் நிற்கிறது. ஒரு தேடல் தவறினால் அதற்கு மேல் உள்ள படிகள் எல்லாம் தவறும்.

4160 என்ற முகவரி

ஒரு சிறு நிரலைக் கிட்டத்தில் பார்ப்போம். 'சரிபார்' என்று ஒரு செயற்கூறு, அதை அடுத்து 'அச்சிடு' என்று இன்னொன்று. கொடுக்கப்பட்ட தரவு தவறாக இருந்தால் நிரலை அப்போதே நிறுத்திவிடும்படி 'சரிபார்' எழுதப்பட்டிருக்கிறது. நிறுத்துவதற்கு 'அபார்ட்' என்ற நூலகச் செயற்கூறை அழைக்கிறது. 'அச்சிடு' இதில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. யாரும் அதை அழைக்கக்கூட இல்லை. நினைவகத்தில் அவை இப்படி அமைந்திருப்பதாகக் கொள்வோம்:

4096: சரிபார் தொடங்குகிறது
4155: கால் அபார்ட் (5 பைட் நீளம்)
4160: அச்சிடு தொடங்குகிறது

'கால்' கட்டளைக்குப் பிறகு 'சரிபார்' செயற்கூறில் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அபார்ட் ஒருபோதும் திரும்பி வராது என்று கம்பைலருக்குத் தெரியும். திரும்பி வராத இடத்துக்கு எதற்காகக் கட்டளை எழுத வேண்டும்? அதனால் அழைப்போடு செயற்கூறை முடித்துவிட்டது.

செயலிக்கு அந்த விவரம் தெரியாது. வழக்கம்போல அடுத்த கட்டளையின் முகவரியை ஸ்டாக்கில் வைக்கிறது. 4155 முதல் 4159 வரை அழைப்புக் கட்டளை, அடுத்தது 4160. அது 'அச்சிடு' தொடங்கும் இடம்.

நிரல் நின்றுவிட்டது. டீபக்கர் ஏறத் தொடங்குகிறது. அபார்ட்டுக்கு உள்ளே வரும் நூலகச் செயற்கூறுகளை விட்டுவிடுவோம். அபார்ட்டின் ஃபிரேமில் திரும்பும் முகவரி 4160 என்று இருக்கிறது. 4160 யாருடைய வீடு என்று அட்டவணையைப் பார்க்கிறது. அச்சிடு! ஆகவே அபார்ட்டை அழைத்தது அச்சிடு என்று திரையில் எழுதுகிறது. நாவலின் 41ஆம் பக்கத்தைக் கைகாட்டிய அதே தவறு.

பெயர் தவறியதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த படியைப் பாருங்கள். 'சரிபார்' தொடங்கியபோது ஸ்டாக் பாயிண்டர் 8008இல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன் உண்மையான திரும்பும் முகவரி 8008இல் இருக்கிறது. மேல் விளிம்பு 8016. எக்ஸ்86 செயலியில் ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். உள்மாறிகளுக்காக 24 பைட் ஒதுக்கியதும் ஸ்டாக் பாயிண்டர் 7984க்கு இறங்கியது. அந்த நிலைக்கு அட்டவணை சொல்லும் விதி, ஸ்டாக் பாயிண்டரோடு 32ஐக் கூட்டு என்பது. 7984உடன் 32ஐக் கூட்டினால் 8016. சரி.

ஆனால் டீபக்கர் எடுத்தது அச்சிடுவின் முதல் கட்டளைக்குரிய விதி. செயற்கூறு அப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இன்னும் எதையும் ஒதுக்கவில்லை என்பதால் அந்த விதி 8ஐ மட்டும் கூட்டச் சொல்கிறது. 7984உடன் 8 சேர்ந்தால் 7992. அதற்கு 8 பைட் கீழே, அதாவது 7984இல், திரும்பும் முகவரி இருக்கிறது என்று டீபக்கர் நம்புகிறது. உண்மையில் அங்கே இருப்பது 'சரிபார்' செயற்கூறின் ஓர் உள்மாறி. அதன் மதிப்பு 7 என்றால், அடுத்த ஃபிரேமின் கட்டளை முகவரி 7 ஆகிவிடும். முகவரி 7இல் எந்த நிரலும் இல்லை. திரையில் இரண்டு கேள்விக்குறிகள் வந்து விழுகின்றன, ஏற்றம் அறுந்துவிடுகிறது. பார்ப்பவர் ஸ்டாக் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறார். இல்லாத நினைவகச் சிதைவைத் தேடி நாள்கணக்கில் அலைகிறார். ஸ்டாக் ஒழுங்காகத்தான் இருக்கிறது. படித்த விதம்தான் தவறு.

இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கக் காரணம் உண்டு. வேகத்துக்காகக் கம்பைலர் பொதுவாக ஒவ்வொரு செயற்கூறையும் 16இன் மடங்கான முகவரியில் தொடங்கிவைக்கும். இடையே மிஞ்சும் இடத்தை வெற்றுக் கட்டளைகளால் நிரப்பும். அழைப்புக் கட்டளை சரியாக 16இன் மடங்கில் முடிந்தால்தான் திரும்பும் முகவரி பக்கத்து வீட்டின் வாசலில் போய் விழும். 4160 அப்படிப்பட்ட எண். 'சரிபார்' செயற்கூறில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள், எல்லாம் நகர்ந்துவிடும். அச்சிடு திரையிலிருந்து மறைந்துவிடும். பிழையை மறுபடி காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

இதே தவறு அன்றாடம் சிறு உருவிலும் வரும். அழைப்புக்கு அடுத்த கட்டளை மூல நிரலின் அடுத்த வரியைச் சேர்ந்ததாக இருந்தால், டீபக்கர் 12ஆம் வரிக்குப் பதில் 13ஆம் வரியைக் காட்டும். அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் ஒரு தொகுதியின் கடைசி வேலை அழைப்பு என்றால், திரும்பும் முகவரி தொகுதிக்கு வெளியே போய்விடும்; அந்தத் தொகுதிக்குள் மட்டும் உயிர்வாழும் மாறியின் மதிப்பைக் கேட்டால், அப்படி ஒரு மாறியே இல்லை என்று விடை வரும். சி++ மொழியின் விதிவிலக்கு முறையும் இதே போல ஸ்டாக்கை ஏறித்தான் தனக்குரிய பிடிப்பானைத் தேடுகிறது. அங்கே இந்தத் தவறு நேர்ந்தால், பிடிக்க வேண்டிய விதிவிலக்கு பிடிபடாமல் நிரலே மடியும்.

ஒன்றைக் கழித்தல்

திருத்தம் இப்போது உங்களுக்கே தோன்றியிருக்கும். திரும்பும் முகவரியில் 1ஐக் கழித்துவிட்டுத் தேடு. 4160இல் 1 போனால் 4159. அது அழைப்புக் கட்டளையின் கடைசி பைட். 'சரிபார்' செயற்கூறுக்குள் இருக்கிறது. பெயர் சரி, விதி சரி, வரி எண்ணும் சரி.

அழைப்புக் கட்டளையின் தொடக்கத்துக்கே போக 5ஐக் கழித்தால் என்ன என்று கேட்கலாம். நேரடி அழைப்பு 5 பைட். பதிவகத்தில் உள்ள முகவரி வழியாக அழைத்தால் 2 பைட்டிலேயே முடியலாம். வேறு வடிவங்கள் இன்னும் நீளமானவை. இந்தச் செயலியின் கட்டளைகளைப் பின்னோக்கிப் படித்து எங்கே தொடங்கின என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அட்டவணையில் தேட, கட்டளைக்குள் ஏதேனும் ஒரு பைட் கிடைத்தால் போதும். 1ஐக் கழிப்பது எல்லா நீளங்களுக்கும் பொருந்துகிறது.

கழித்த எண்ணைத் தேடுவதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். இதில் சறுக்கியவர்களும் உண்டு. ஒரு செயற்கூறு முடியும் வரை ஓடவிட்டு, திரும்பியதும் நிறுத்து என்று டீபக்கரிடம் சொல்கிறோம். திரும்பும் இடத்தில் அது ஒரு பைட் நீளமுள்ள நிறுத்தக் கட்டளையைத் தற்காலிகமாக எழுதும். அதைத் திரும்பும் முகவரியில் எழுதாமல் ஒன்று கழித்த முகவரியில் எழுதினால், அழைப்புக் கட்டளையின் கடைசி பைட்டே அழிந்துபோகும். நிரல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அடுத்த முறை அந்த அழைப்பு நிகழும்போது எங்கோ தாவும். ஆகவே நல்ல டீபக்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு முகவரிகளை வைத்துக்கொள்கிறது: எங்கே தொடர்வது என்பதற்கு ஒன்று, எங்கிருந்து போனது என்பதற்கு ஒன்று. குனு டீபக்கரில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் இருக்கின்றன.

நிரல் இப்போது நின்றிருக்கும் ஆகப் புதிய ஃபிரேமில் கழிக்கவே கூடாது. அங்கே இருப்பது திரும்பும் முகவரி அன்று, செயலி நிற்கும் இடமே. ஒரு செயற்கூறின் முதல் கட்டளையில் நிறுத்திவைத்திருக்கும்போது 1ஐக் கழித்தால் முந்தைய வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஆக, விதி எளிது: முதல் ஃபிரேமில் கழிக்காதே, மற்றவற்றில் கழி. பலரும் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை.

கதவு தட்டும் ஓசை

மறுபடி நாவலுக்கு வருவோம். இம்முறை அகராதித் தேவை எதுவும் எழவில்லை. 41ஆம் பக்கத்தின் முதல் சொல்லைப் படிக்கப் போகிறீர்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்தச் சொல்லின் மேலேயே சீட்டை வைத்துவிட்டு எழுகிறீர்கள். இப்போது சீட்டு இருக்கும் இடம்தான் நீங்கள் இருந்த இடம். ஒரு சொல் பின்னால் போய்ப் பார்ப்பவர் பழைய அத்தியாயத்துக்குள் நுழைந்துவிடுவார்.

நிரல்களுக்கும் கதவு தட்டப்படுவதுண்டு. அதற்கு சிக்னல் என்று பெயர். நேரம் முடிந்தது என்று கடிகாரம் தட்டலாம். தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதற்காக இயங்குதளத்தின் மையமான கர்னல் தட்டலாம். நிரல் எந்தக் கட்டளையில் இருந்தாலும் அப்படியே நிறுத்தப்பட்டு, சிக்னலைக் கவனிக்கும் செயற்கூறு ஓடத் தொடங்கும். நிறுத்தப்பட்ட இடத்தின் முகவரியைக் கர்னல் ஸ்டாக்கில் பத்திரப்படுத்தும். அங்கே 'கால்' கட்டளை எதுவும் நிகழவில்லை. பத்திரப்படுத்திய முகவரி, அடுத்து நிறைவேற வேண்டிய கட்டளை அல்லது நிறைவேற முடியாமல் இடறிய கட்டளை. எதுவானாலும் அது நிறுத்தப்பட்ட செயற்கூறுக்கே சொந்தம். அந்தச் செயற்கூறின் முதல் கட்டளையிலேயே தட்டல் நேர்ந்திருந்தால், 1ஐக் கழிப்பது நேராகப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விடும். அபார்ட்டில் எந்தப் பிழையைத் தீர்த்தோமோ, அதையே இங்கே நம் கையால் உண்டாக்கிவிடுவோம்.

ஒரு ஃபிரேமில் 1ஐக் கழிக்கலாமா என்பதை அந்த ஃபிரேமை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது இதில் கிடைக்கும் பாடம். அதற்கு அடுத்து வந்த, அதாவது அதைவிடப் புதிய ஃபிரேம் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். அழைப்பால் உண்டானது என்றால் கழி. சிக்னலால் உண்டானது என்றால் கழிக்காதே. குனு டீபக்கர் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. கம்பைலர் ஒரு செயற்கூறை இன்னொன்றுக்குள் கரைத்து எழுதியிருந்தால் தோன்றும் கற்பனை ஃபிரேம்களைத் தாண்டிப் போய், உண்மையான அண்டை ஃபிரேமைப் பார்த்து முடிவெடுக்கிறது.

சிக்னல் ஃபிரேமை எப்படி அடையாளம் காண்பது? சிக்னலைக் கவனிக்கும் செயற்கூறு முடிந்ததும் திரும்பிப் போவதற்கென்று நூலகத்தில் ஒரு சின்னஞ்சிறு துண்டு நிரல் இருக்கிறது. 64 பிட் லினக்ஸில் அதன் நீளம் 9 பைட்: 15 என்ற எண்ணைப் பதிவகத்தில் போடு, கர்னலை அழை, அவ்வளவுதான். அந்த 9 பைட்களைக் கண்டால் இது சிக்னல் ஃபிரேம் என்று டீபக்கர் தெரிந்துகொள்ளும். அட்டவணையிலும் இதற்கென்று ஓர் எழுத்துக் குறி வைக்கலாம். சி++ விதிவிலக்குகளுக்காக ஜிசிசி கம்பைலரோடு வரும் நூலகம் இதே அறிவை ஒரே கோவையில் அடக்கியிருக்கிறது: முகவரியோடு, சிக்னல் ஃபிரேம் என்றால் 1, இல்லையென்றால் 0 கூட்டு; பிறகு 1ஐக் கழி. சிக்னல் என்றால் கூட்டியதும் கழித்ததும் ஈடாகிவிடும்.

ஒருபோதும் ஓடாத ஒரு பைட்

கடைசி முடிச்சு ஒன்று இருக்கிறது. அந்த 9 பைட் துண்டு நிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் 'கால்' கட்டளையால் விட்டு வரவில்லை. சிக்னலைக் கவனிக்கும் செயற்கூறு முடிந்ததும் அங்கே போய்ச் சேரும்படி, அதன் முதல் பைட்டின் முகவரியைத் திரும்பும் முகவரியாகக் கர்னல் வைத்துவிடுகிறது. கவனிக்கும் செயற்கூறின் ஃபிரேமிலிருந்து மேலே ஏறும் கருவிக்கு அது சாதாரண அழைப்பு போலவே தோன்றும். வழக்கப்படி 1ஐக் கழிக்கும். கழித்ததும் துண்டு நிரலுக்கு ஒரு பைட் வெளியே விழும். இது சிக்னல் ஃபிரேம் என்று அறிவதற்கான இடத்தையே தவறவிட்டுவிடும்.

குனு சி நூலகத்தை எழுதியவர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. துண்டு நிரலுக்கு முன்னால் எதுவும் செய்யாத வெற்றுக் கட்டளை ஒன்றை வைத்தார்கள். அட்டவணையில் அந்தத் துண்டின் எல்லையை ஒரு பைட் முன்னாலிருந்தே தொடங்கிவைத்தார்கள். 1ஐக் கழித்துக்கொண்டு வருபவர் எல்லைக்குள்ளேயே வந்து விழுவார். செயலி அந்த வெற்றுக் கட்டளை வழியாகப் போவதே இல்லை. பிழை தேடி வருபவருக்காக மட்டும் அது அங்கே இருக்கிறது.

புதிதாக டீபக்கரோ, வேகம் அளக்கும் கருவியோ, நிரல் நின்றதும் அறிக்கை அனுப்பும் கருவியோ எழுதுகிறவர்கள் இந்தப் பாதையில் மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது. சாதாரண நிரல்களில் அழைப்புக்குப் பின்னும் நாலு கட்டளைகள் இருப்பதால் முதல் சோதனைகள் எல்லாம் வெற்றியாகவே முடியும். அதனால் மூன்று சோதனைகளைத் தவறாமல் எழுதிவைக்க வேண்டும். திரும்பாத அழைப்போடு முடிந்து, அடுத்த செயற்கூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு செயற்கூறு. அழைப்போடு முடியும் ஒரு தொகுதியும் அதற்குள் ஒரு மாறியும். முதல் கட்டளையிலேயே சிக்னல் வாங்கும் ஒரு செயற்கூறு. இந்த மூன்றிலும் சரியான பெயரையும் வரியையும் மாறியையும் சொல்லும் கருவியின் பேச்சை நம்பலாம்.

அடுத்த முறை ஒரு டீபக்கர் உங்கள் முன் அழைப்புகளின் பட்டியலை நீட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நிரல் நின்ற இடத்தைச் சொல்லும் முதல் வரி மட்டுமே நேரே கண்டது. அதை அடுத்து வரும் ஒவ்வொரு வரியும், எங்கே திரும்புவது என்று எழுதிவைத்த குறிப்பிலிருந்து எங்கே இருந்தோம் என்று கணக்கிட்டுப் பெற்றது. பட்டியல் ஒரு செயற்கூறின் மேல் குற்றம் சுமத்தி, அந்தச் செயற்கூறில் அப்படி ஓர் அழைப்பே இல்லை என்று நீங்கள் கண்டால், அந்தச் செயற்கூறை உடனே சந்தேகிக்காதீர்கள். அதற்கு ஒரு பைட் முன்னால் யார் குடியிருக்கிறார் என்று பாருங்கள்.